அமுக்கியது பேயுமல்ல, ஏறியது குண்டலினியுமல்ல

கண் அயரும் நேரத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது, கை கால் அசையவில்லை, கத்தப் பார்த்தால் குரல் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் முதலில் போவது மந்திரிக்க. தியான வகுப்பில் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்து ஏறியது, உச்சந்தலை விறுவிறுத்தது என்று பெரியவர் சொன்னால், 'உங்களுக்குச் சக்தி எழும்புகிறது' என்று அடுத்த கட்ட வகுப்புக்குப் பெயர் எழுதிவிடுகிறார்கள், கூடுதல் கட்டணத்தோடு. இரண்டு வீட்டிலும் விட்டுப்போவது ஒன்றுதான். ஒரு மருத்துவர் பார்த்து, பார்த்ததைச் சீட்டில் எழுதித் தருவது நடப்பதில்லை. பிறகு ஏதாவது விபரீதம் ஆனால் கையில் ஒரு தாள்கூட இருக்காது.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். கனவு வரும் தூக்கத்தில் உடம்பின் பெரும்பாலான தசைகளை மூளையே தளர்த்திப் போட்டுவிடுகிறது. கனவில் ஓடுகிறவர் கட்டிலைவிட்டு எழுந்து ஓடாதது அதனால்தான். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்கிறது, தசைகள் திரும்புவது பிந்துகிறது. அந்த இடைவெளிதான் 'அமுக்குவான் பேய்'. அறையில் ஆள் நிற்பதாகத் தெரிவது பாதிக் கனவு இன்னும் கலையாததால். சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். தூக்கம் சொக்கும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல் உடம்பு தூக்கிவாரிப் போடுவது அநேகமாக எல்லோருக்கும் எப்போதாவது வருவது. தலைக்குள் வெடி வெடித்ததுபோல் சத்தம் கேட்டு, வலி எதுவும் இல்லாமல் விழித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதுவும் ஆபத்தில்லை.

தியானத்தில் வருவதற்கும் பெரும்பாலும் எளிய காரணம்தான். வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் விறுவிறுக்கும், தலை கிறுகிறுக்கும், சிலருக்குக் கைவிரல்கள் கோணி இழுத்துக்கொள்ளும். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். நெடுநேரம் சம்மணம் போட்டவருக்குக் கால் மரத்துப்போவதும் தானே சரியாகிவிடும். ஆனால் எழுந்து நடமாடிய பிறகும் பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கினால், முழங்காலுக்கு வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். யோகாசனத்தில் உட்கார்ந்து பாதம் தொங்கிப்போன செய்தி 1971லேயே அமெரிக்க மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அதை அனுபவம் என்று ரசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.

காட்டியே ஆக வேண்டியவை இன்னும் உண்டு. காலையில் நாக்கு கடிபட்டிருக்கிறது, படுக்கை நனைந்திருக்கிறது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது என்றால் இரவில் வலிப்பு வந்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் அதே உணர்வு (அடிவயிற்றிலிருந்து ஏதோ எழும்புவது, இல்லாத கருகல் வாடை) வந்து, சில நொடிகள் ஆள் வெறித்துப் பார்த்தால் அதுவும் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். 'தெய்வீக வாசனை' என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்தால் முழங்கால் மடங்கி விழுவது, பகலில் அடக்க முடியாத தூக்கம், குறட்டைக்கு நடுவே மூச்சு முட்டி எழுவது ஆகியவை தூக்க நோய்களின் அடையாளம். படுத்ததும் காலில் பூச்சி ஊர்வதுபோல் இருந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்கு விடியற்காலையில் வேர்த்து நடுங்கினால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கி, வேர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலும், முகம் கோணி ஒரு பக்கம் கை கால் விழுந்தாலும் 108. தியானம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மருத்துவமனைக்குப் போகும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டில் தேதி, படுத்த நேரம், என்ன உணர்ந்தீர்கள், எவ்வளவு நேரம், நினைவு இருந்ததா, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட இருப்பவர் நிகழ்வைக் கைபேசியில் படம் பிடிக்கட்டும், முகமும் கை கால்களும் தெரியும்படி. நரம்பியல் மருத்துவருக்கு நீங்கள் அரைமணி நேரம் விவரிப்பதைவிட அந்த அரை நிமிடப் படம் உதவும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவ ஓ.பி.யில் சீட்டுப் போட்டு, அங்கிருந்து நரம்பியலுக்கோ மனநலப் பிரிவுக்கோ எழுதி வாங்குங்கள். கூட்ட நெரிசலில், 'டென்ஷன்தான், ஒன்றுமில்லை' என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நகராதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறியைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத அறிகுறி அடுத்த மருத்துவருக்குத் தெரியாது, நீதிமன்றத்துக்கும் தெரியாது. இ.இ.ஜி. என்ற மூளை மின்னலைப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய் வழியும் தலையோடு வந்து, மின்முனை ஒட்டவில்லை என்று வேறு தேதி வாங்கித் திரும்பும் வெளியூர்க்காரர்களை அந்த அறை வாசலில் பார்க்கலாம். டோக்கன் கொடுக்கும்போதே இதைச் சொல்ல ஒரு ஊழியருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மருத்துவர் சொல்லாமல் பரிசோதனைக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இ.இ.ஜி. சரியாக இருக்கிறது என்பதாலேயே வலிப்பு இல்லை என்று முடிவாகிவிடாது.

உள்நோயாளியாக இருந்தால் மருத்துவக் குறிப்பேட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. கேட்ட கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டது கணக்கில் வராது.

வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416. 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல உதவி எண் அது. 2022 முதல் நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். தியான முகாம் முடிந்து வந்தவர் இரவெல்லாம் தூங்காமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்தாலோ, குரல் கேட்கிறது என்றாலோ, உடம்பு தன்னுடையது போலவே இல்லை என்றாலோ அன்றைக்கே அழையுங்கள். அது ஞானம் அல்ல.

முகாமுக்குப் போகிறவர்கள் கவனிக்க: வலிப்புக்கோ மனநலத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர், சாப்பிடுவதைப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதிய படிவத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே மறைத்திருந்தால் பிறகு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு நிற்பது கடினம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குரு சொன்னாலும், மாமா சொன்னாலும் நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிரே போகலாம். முகாமில் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றால் அவசரத்துக்கு அழைக்கும் எண்ணை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பாதியில் கிளம்ப விரும்பினால் கிளம்பலாம். வாசலை அடைத்து வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 127ஆம் பிரிவின்படி குற்றம்.

பணம் கட்டும்போது ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'நன்கொடை' என்று எழுதித் தருகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இலவசச் சேவையைச் சேவையாகவே எடுத்துக்கொள்வதில்லை. 'வகுப்பு இலவசம், அவர் மனமுவந்து தந்தார்' என்று எதிர்த்தரப்பு வாதாட அந்த ஒரு சொல் போதும். 'பயிற்சிக் கட்டணம்' என்று தேதி, நாட்களோடு எழுதி வாங்குங்கள். குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

காக்காய் வலிப்பை, பைத்தியத்தைத் தாயத்தில் தீர்ப்போம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிற சட்டம் அது. ஆனாலும் பேருந்து நிலையச் சுவரில் சுவரொட்டி காய்வதே இல்லை. சுவரொட்டியைப் படம் எடுத்து, இடம், தேதி எழுதி, உங்கள் பகுதி மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

இன்னும் மோசமானது மனநலம் பாதித்தவரைக் கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. அப்படி நடப்பது தெரிந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 101ஆம் பிரிவின்படி நிலைய அலுவலர் நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 'குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பப் பார்ப்பார்கள். புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். தரவில்லை என்றால் அதே மனுவைக் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் தபாலில் அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, எண் 15100. மனநலம் குன்றியவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

'வலிப்பு என்று எழுதிவிட்டால் கல்யாணம் நிற்கும்' என்பதுதான் பாதிப் பேர் சீட்டு வாங்காததற்கான காரணம். இந்துத் திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999லேயே நீக்கிவிட்டார்கள். ஓட்டுநர் உரிமம் மட்டும் வேறு விஷயம். படிவம் 1இல் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்பார்கள். அதில் பொய் எழுதிவிட்டு வண்டி ஓட்டுவது உங்களோடு தெருவில் போகிறவரின் உயிரையும் பணயம் வைப்பது.

மீண்டும் சொல்கிறேன், ஓடுகிற மாத்திரையை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்து என்று வேறு யாராவது சொன்னால், அதையே தேதி போட்டு, கையெழுத்திட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.