மேட்டைத் தவணையில் ஏறும் வண்டி

தளவானூரில் குகைக் கோயிலுக்கு எதிரே சைக்கிளை நிறுத்தியதும், தரையில் குந்தி உட்கார்ந்து செயின் சக்கரத்தின் பற்களை எண்ணினேன். முன்னால் 44. பின்னால் 18. செஞ்சியில் காற்றடித்துக் கொடுத்த பெரியவர் சொன்ன கணக்கு ஒரு பல் பிசகவில்லை. "இது ரோட்டு வண்டிங்க தம்பி, மேட்டு வண்டி இல்ல. நாப்பத்தி நாலு, பதினெட்டு. மேடு வந்தா எழுந்து நின்னு மிதிக்காதீங்க, எறங்கித் தள்ளிடுங்க" என்றிருந்தார். அந்த இரண்டு எண்களுக்குள் ஒரு சைக்கிளின் சுபாவம் முழுக்க அடங்கியிருக்கிறது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார். நாற்பது வருடமாக மற்றவர்கள் அறுத்துக்கொண்டு வந்த செயின்களைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

செஞ்சிச் சீமையில் சைக்கிள் மிதிப்பது ஒரு விநோதமான அனுபவம். எங்கு திரும்பினாலும் மலை, ஆனால் சாலை மலை ஏறாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று யாரோ பாறைகளைக் கூடைகூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல் குன்றுகள் சமவெளியிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. சுற்றிலும் இருந்த இளகிய பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து போக, கெட்டியான கருங்கல் மட்டும் மிஞ்சி நிற்பதன் கோலம் இது. சாலைகள் அந்தக் குவியல்களுக்கு இடையே நெளிந்து போகின்றன. செஞ்சிக்குத் தென்கிழக்கே தளவானூர் போகும் வழியும் அப்படித்தான். வயல், ஏரிக்கரை, மறுபடி வயல், திடீரென்று ஒரு பாறை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் அப்படி ஒரு பாறையைக் குடைந்து, முகப்பில் மகர தோரணமும் வாயிற்காவலர்களும் வைத்து, சத்ருமல்லேசுவரம் என்று தன் பட்டப்பெயரைச் சூட்டினான். வழியிலுள்ள ஏற்றங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியவை. காலுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் கால் உணர்வைத்தான் கணக்காக்கிப் பார்க்க விரும்புகிறேன்.

44-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை. பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றும். நம் ஊர்க் கறுப்பு சைக்கிளின் சக்கரம் ஒருமுறை உருண்டால் 2.2 மீட்டர் போகும். ஆக, ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். பெடலில் கால் வட்டமடித்துக் கடக்கும் தூரமோ ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கால் ஒரு மீட்டர் போனால் வண்டி ஐந்து மீட்டர் போகிறது. சமதரையில் இது வரம். நடப்பவனை விட மூன்று மடங்கு வேகத்தில், அவனை விடக் குறைந்த களைப்பில் போகலாம். ஆனால் இயந்திரம் எதையும் இனாமாகத் தருவதில்லை. தூரத்தை ஐந்து மடங்காக்கினால், மிதிக்க வேண்டிய விசையும் ஐந்து மடங்காகும்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆள் 62, வண்டி 18. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் வண்டியைப் பின்னால் இழுப்பது அந்த 80 கிலோவில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 4 கிலோ எடை. டயர் உராய்வுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் சேர்த்துக்கொள்ளலாம். பெடலுக்கு வரும்போது இது ஐந்து மடங்காகி 23 கிலோ ஆகிறது. அதுவும் சராசரிதான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் அழுத்தி ஒரு பயனும் இல்லை. அந்த இழப்பை நடுவில் ஈடுகட்ட வேண்டும். அதனால் கால் கிடைமட்டத்தில் இருக்கும் நொடியில் 36 கிலோ கொடுத்தாக வேண்டும். முடியும், மூச்சு வாங்கும்.

சாலை இன்னும் செங்குத்தாகி நூறுக்குப் பத்து மீட்டர் உயர்ந்தால்? அதே கணக்கில் 67 கிலோ வருகிறது. ஆளின் எடையே 62-தான். பெடல் மேல் முழு உடம்போடு ஏறி நின்றாலும் போதாது. அதனால்தான் செங்குத்து ஏற்றத்தில் யாரும் கற்றுக்கொடுக்காமலே ஹேண்டில் பாரை மேல்நோக்கி இழுத்துக்கொண்டு மிதிக்கிறோம். கை இழுக்கும் விசை கால் வழியாகக் கூடுதல் எடையாக இறங்குகிறது. அந்தக் காலத்தில் கிணற்று மேட்டில் ஏற்றத்தின் மரத்தில் முன்னும் பின்னும் நடந்து, தன் உடம்பெடையாலேயே தண்ணீரை மேலே கொண்டுவந்த ஏற்றக்காரரும் இதே வித்தையைத்தான் செய்தார். அவருக்கும் எல்லை அவர் எடைதான்.

இந்த இடத்தில் ராஜகிரிக் கோட்டைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். கோட்டை உச்சி அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர். 65 கிலோ ஆள் அதில் ஏறினால் உடம்பை மேலே தூக்கும் வேலைக்கு மட்டும் சுமார் 37 கிலோ கலோரி. தசைகள் உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். மீதி வேர்வையும் சூடுமாகப் போகும். எனவே 150 கலோரி, கிட்டத்தட்ட மூன்று இட்லி. படியில் ஏறினாலும், கற்பனையாக அந்தக் குன்றைச் சுற்றி ஒரு வளைசாலை போட்டு ஏறினாலும், இந்த மூன்று இட்லிக் கணக்கில் தப்பிக்க வழியில்லை. மாற்ற முடிவது ஒன்றே. அதை ஒரே மூச்சில் கட்டுகிறோமா, தவணையில் கட்டுகிறோமா என்பது.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவு என்பது சாலை போட்டவர் நமக்குத் தரும் தவணை. கொல்லிமலைக்கு 70 வளைவுகள், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36. தூரத்தை நீட்டி, சரிவைக் குறைக்கிறார்கள். கல்லட்டியில் அப்படிக் குறைத்தும் மிச்சமிருக்கும் சரிவு கொடுமையானது. அங்கேதான் வண்டிக்காரர் தன் பக்கமிருந்து இரண்டாவது தவணை ஒன்றைப் போடவேண்டியிருக்கிறது. அதற்குப் பெயர் கியர்.

சைக்கிளின் கதையில் கியர் தாமதமாக வந்த விருந்தாளி. 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் செய்த வண்டிக்குப் பெடலே கிடையாது. தரையை உதைத்து ஓட்டினார்கள். 1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் உருளை வைத்த செயினைச் செய்தார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயினைப் பின்சக்கரத்துக்குப் பூட்டி, இன்று நாம் ஓட்டும் உருவத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தார். மூன்றே ஆண்டுகளில் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்துவிட்டது. கியர் மாற்றும் அமைப்புகளும் அடுத்து வந்தன. ஆனால் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்தியவர்கள் அதை ஆண்மைக் குறைவாகக் கருதினார்கள். 1937 வரை செயினை இடம் மாற்றும் டீரெய்லருக்கு அங்கே அனுமதி இல்லை. வீரர்கள் மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கமிருக்கும் வேறு பல்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். காலின் வலிமையை அளப்பதாக நினைத்து வீணே காலை வதைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டீரெய்லர் செய்வது எளிய காரியம். பின்னால் அளவு வாரியாக அடுக்கிய பல்சக்கரங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செயினைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. செயின் தளர்ந்து தொங்காமல் இருக்க, கீழே இரண்டு குட்டிச் சக்கரங்கள் ஸ்பிரிங் வலுவில் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. இன்றைய மலைச்சாலை வண்டி ஒன்றில் முன்னால் சின்னச் சக்கரம் 34 பல், பின்னால் பெரிய சக்கரமும் 34 பல் இருக்கலாம். ஒரு மிதிக்கு ஒரே சுற்று, 2.1 மீட்டர். முதல் கணக்கில் 23 கிலோ கேட்ட அதே ஐந்து சத ஏற்றம் இப்போது 9 கிலோதான் கேட்கிறது. பதிலாகக் கால் இரண்டரை மடங்கு அதிகம் சுற்ற வேண்டும். இது நஷ்டம்போல் தெரியும், ஆனால் லாபம். மணிக்கு 6 கிலோமீட்டரில் ஏறும்போது கறுப்பு வண்டியில் கால் நிமிடத்துக்கு 18 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பெடல் உச்சியில் சிக்கி, வண்டி தள்ளாடும். கியர் வண்டியில் அதே வேகத்துக்கு 48 சுற்று. தசைக்கும் மூட்டுக்கும் பிடித்தது குறைந்த சுமை, நிறைய சுற்று. புதிதாகக் கியர் வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். செயின் முழு இழுப்பில் இருக்கும்போது தள்ளினால் கரகரவென்று முனகும், சில சமயம் கழன்றுகொள்ளும்.

சைக்கிளில் மலை ஏறுவதையே வாழ்வாக்கிக்கொண்ட ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்பெயினின் நடுவே, கடலிலிருந்து வெகு தொலைவில், டொலேடோ என்றொரு பழைய கோட்டை நகரம் இருக்கிறது. வறண்ட உயர்நிலம், பாறை, ஆட்டு மந்தை. படங்களில் பார்த்தபோது செஞ்சிக்காரர் யாருக்கும் அந்நியமாகத் தெரியாது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்து ஆளான ஃபெடரிகோ பாமோந்தேஸ் 1959-இல் டூர் டி பிரான்ஸை வென்ற முதல் ஸ்பானியர். மலையேற்ற வீரருக்கான பரிசை அங்கே ஆறு முறை வாங்கியவர். டொலேடோவின் கழுகு என்று அழைத்தார்கள். ஒருமுறை எல்லோருக்கும் முன்னால் மலை உச்சியை அடைந்துவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்ததாகச் சொல்வார்கள். ஏறுவதில் கழுகான அவருக்கு இறங்குவதில் அச்சம் இருந்தது.

அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். 80 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பாதியைக் காற்று வாங்கிக்கொண்டாலும், மீதி முழுதும் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக இறங்குகிறது. தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல், விட்டு விட்டுப் பிடித்தால் நடுவில் ரிம் ஆறும். நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். மழையில் நம் பழைய வண்டிகளோடு மலை இறங்குவது விஷப்பரீட்சை.

தளவானூரிலிருந்து நான் திரும்பியது ஆடி மாதம். போகும்போது முதுகில் தட்டிக்கொடுத்த மேற்கத்திக் காற்று, வரும்போது மார்பில் கைவைத்துத் தள்ளியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி வளரும். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் காற்று வீசினால், உடம்பில் படும் வேகம் 30. எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்தச் சமதரைச் சாலை எனக்கு மட்டும் இரண்டரை சத ஏற்றமாகிவிட்டது, அதுவும் உச்சியே இல்லாத ஏற்றம். 44-க்கு 18 அங்கேயும் கைவிட்டது. குனிந்து மிதித்தேன், கொஞ்ச தூரம் தள்ளினேன். வழியில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிள்களில் அதே காற்றை எதிர்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

அந்த வண்டிகளிலும் ஒரே பல்கணக்குதான். 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்பு எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் கால்களுக்கு எவ்வளவு பெரிய சுதந்திரம் தந்திருக்கிறது என்பதை எந்த ஊர்ச் சாலையிலும் காலை எட்டரை மணிக்குப் பார்க்கலாம். சமவெளிப் பிள்ளைகளுக்கு அது போதும். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் படிக்கும் பிள்ளைக்கு அதே வண்டியைக் கொடுத்தால், பாதி வழி வண்டி பிள்ளையின் மேல் சவாரி செய்யும். டீரெய்லர் சேற்றுக்கும் தூசிக்கும் நோகும் பொருள் என்பது உண்மை. ஆனால் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே மூன்று கியர்களைப் பூட்டி மூடிவைக்கும் வகை ஒன்று 1902-லிருந்தே இருக்கிறது. ஸ்டர்மி ஆர்ச்சர் என்று பெயர். உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று சுற்றிவரும். செயின் இடம் மாறுவதே இல்லை. மழை, மண் எதுவும் உள்ளே போகாது. அதன் தாழ்ந்த கியர் மிதியின் சுமையில் கால் பங்கைக் குறைக்கும். 36 கிலோ கேட்ட ஏற்றம் 27 கேட்கும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இறங்கித் தள்ளுவதற்கும் உட்கார்ந்தபடியே ஏறிப்போவதற்கும் நடுவே இருப்பது பல நேரம் அந்த ஒன்பது கிலோதான்.