கோடாங்கி இருக்கும் ஊரில் பேய்க்கதை எழுதுவது

தம்பி, உங்கள் நாவலில் ராஜபாளையத்துப் பையன் ஒருவனுக்குச் செத்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் பாதிப் புத்தகம் வரைக்கும் மறைத்து வைத்திருக்கிறான். அந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

செத்தவர் தெரிவது பற்றி எனக்கு ஒன்றுமில்லை, கதைதானே. மறைப்பதுதான் நம்பும்படி இல்லை. நம் பக்கத்தில் ஒரு பிள்ளை ராத்திரி திடுக்கிட்டு எழுந்து, மூலையைப் பார்த்து அழுதால் என்ன நடக்கும்? விடிவதற்குள் நெற்றியில் திருநீறு ஏறிவிடும். "காத்துக் கருப்பு அண்டியிருக்கும், கோடாங்கிட்ட காட்டுங்க" என்று பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி யோசனை வரும். தெருவுக்கே தெரிந்துபோனதை வைத்து நீங்கள் எப்படி நூறு பக்கம் ஓட்டுவீர்கள்?

இந்த ரகசியம் எங்கிருந்து உங்களுக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். 1999இல் வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. எடுத்தவர் மனோஜ் நைட் சியாமளன். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர், தாயார் தமிழர். ஆனால் வளர்ந்தது பிலடெல்பியாவின் புறநகரில். படமும் அந்த ஊர்ப் படம்தான். அங்கே ஒரு சிறுவன் செத்தவரைப் பார்ப்பதாகச் சொன்னால் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதனால் அவன் வாயைத் திறக்க நெடுநேரம் ஆகிறது, அவ்வளவு நேரமும் நமக்குப் படபடப்பு.

மேல்நாட்டவர்கள் இப்படி வாயை மூடிக்கொள்வது சினிமாவுக்காகச் செய்த கற்பனை இல்லை. 1971இல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் விசாரித்து எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம், குரல் கேட்டோம், பார்த்தோம் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னவர்கள் மட்டும் சுமார் 14 சதவீதம். அவர்கள் பைத்தியமும் இல்லை, துக்கத்தில் இது சாதாரணம் என்பதுதான் அவர் கண்டது. ஆனால் அதற்குமுன் யாரிடமாவது அதைச் சொல்லியிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

நம் வீடுகளில் இதே அனுபவம் மறுநாள் காலைப் பேச்சு. "ராத்திரி அப்பா வந்தாரு, கட்டில்கிட்ட நின்னுக்கிட்டிருந்தாரு." உடனே அடுத்த கேள்வி: "ஏதும் கேட்டாரா?" பார்த்தாயா, நிஜமா என்று ஒருவரும் கேட்பதில்லை. வந்தவருக்கு என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி. உங்கள் நாவலின் பயம் அங்கே இருக்கிறது. நீங்கள் வேறு பக்கம் தேடுகிறீர்கள்.

கோடாங்கியிடம் குறி கேட்கிற இடத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வந்தவர்கள் விவரம் எதுவும் சொல்ல மாட்டார்கள். வெற்றிலை பாக்கும் காணிக்கையும் வைத்துவிட்டுக் கம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு வந்தார்கள் என்பதை அவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து அடுத்த ஊர்க் கோடாங்கியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர் உடுக்கையை அடிப்பார், பாடுவார், நடுவில் சட்டென்று நிறுத்தி ஒன்றைப் போடுவார்: "தண்ணியில போன பொம்பளை ஒருத்தி உங்க வகையறாவுல உண்டா இல்லையா?" பின்வரிசையில் ஒரு பெரியம்மா மூக்கை உறிஞ்சுவாள். உடுக்கை அந்தப் பக்கம் திரும்பும். அவர் முகத்தைப் படிக்கிறார் என்று நீங்கள் சொல்வீர்கள். படிக்கட்டுமே. துப்பறியும் நாவல்காரரும் அதைத்தானே செய்கிறார்? சாட்சிகள் எதிரே இருக்கிறார்கள், ஒருவரும் பேசவில்லை, எல்லோருக்கும் ஏதோ தெரியும். இதைவிட நல்ல விசாரணை அறை எந்த நாவலில் இருக்கிறது?

முடிவில் செத்தவர் கேட்பது பெரும்பாலும் சின்ன விஷயம். ஒரு படையல், ஒரு புதுச்சேலை. கல்யாணமாகாமல் செத்த பெண்ணாக இருந்தால் கன்னியாக வைத்துக் கும்பிடச் சொல்வாள். ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை வைத்து வருசா வருசம் கும்பிடும் வீடுகள் தென் மாவட்டங்களில் ஏராளம். அகாலத்தில் போனவர்களை விரட்டுவதைவிட வீட்டுச் சாமியாக உட்கார்த்தி வைப்பது புத்திசாலித்தனம் என்று நம் ஆட்கள் கண்டுகொண்டார்கள்.

பெரிய உதாரணம் வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்புப் பக்கம் போங்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற கூட்டத்தோடு போனால் வழியில் வரும். அங்கே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது, அவள் விழுந்ததாகச் சொல்லும் கிணறும் இருக்கிறது. பஞ்சத்தில் மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டை நம்பி வந்தவள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதித்தாள். இதில் அவள் பேயாக வந்து யாரையும் அடிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். வர வேண்டிய அவசியமே இல்லை. பெரிய எழுத்துப் புத்தகமும் கூத்தும் ஒப்பாரியுமாக ஊர் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, அண்ணியை ஏசிக்கொண்டும் இருக்கிறது.

(அதே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கோ சாவே கிடையாது, அரங்கனோடு கலந்துவிட்டாள். பேய்க்கதைக்கு அவள் பக்கம் போகாதீர்கள், ஊருக்குள் டீ கிடைக்காது.)

வந்தவருக்கு என்ன வேண்டும் என்கிற இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவர் மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் காலமான எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய 'விடாது கருப்பு', நாகா இயக்கத்தில் 'மர்மதேசம்' தொடராகச் சன் டிவியில் வந்தபோது வீட்டுக்கு வீடு கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பார்த்தார்கள். கருப்பு உண்டா இல்லையா என்ற பட்டிமன்றம் அதில் சின்னப் பங்குதான். தண்டிப்பது கருப்பா, கருப்பின் பேரில் ஓர் ஆளா, தண்டனை வாங்கியவன் செய்த தப்பு என்ன என்பதில்தான் வாரம் பூராவும் மண்டை குடைந்தது. நாத்திகரும் பார்த்தார், சாமியாடியும் பார்த்தார்.

சியாமளன் படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் உச்சக்கட்டத் திருப்பம் அல்ல. செத்த சிறுமி ஒருத்தி அந்தப் பையனிடம் ஒரு வீடியோ கேசட் கொடுத்தனுப்புகிறாள். இழவு வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தால், உணவில் விஷம் கலந்தது அவளுடைய தாய் என்று தெரிகிறது. உடுக்கை ஒன்றுதான் குறை.

ஆகவே உங்கள் பையன் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடட்டும். கோடாங்கி வரட்டும். உடுக்கை அடித்து, "வந்திருக்கிறது உங்க அப்பத்தா, சேலை கேக்குறா" என்று அவர் முடிக்கட்டும். வீடே நிம்மதியாக மூச்சு விடும்போது பையன் அவருக்குப் பின்னால் கையைக் காட்டி, "அப்பத்தா இல்ல, வேற ஒரு ஆளு" என்று சொல்லட்டும். அடையாளமும் சொல்லட்டும்: வேட்டி, காதில் கடுக்கன், இடது கையில் ஒரு விரல் இல்லை. அந்த அடையாளத்தைக் கேட்டதும் தாத்தா எழுந்து வெளியே போகிறார். அந்த ஆளிடம்தான் ஐம்பது வருசத்துக்கு முன்னால் தாத்தா தோப்பை எழுதி வாங்கினார். எப்படி வாங்கினார் என்பது உங்கள் நாவல்.

இப்போது பையன் சொல்வதை நம்பாமல் இருக்க வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கோடாங்கியை நம்பினால் ஒரு சேலையோடு போகும், பையனை நம்பினால் தோப்பு போகும். மாமா வக்கீலுக்குப் போன் போடுவார், அம்மா பையனின் வாயைப் பொத்துவாள். அவன் மறைக்க ஆரம்பிக்கட்டும், ஆனால் அங்கிருந்து.