நம்ம ஊரு கல்லுக்கு அயர்லாந்துல சொந்தக்காரங்க!

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டு, "அயர்லாந்துக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"னு யாரையாவது கேட்டுப் பாருங்க. உங்களை மேலயும் கீழயும் பார்ப்பாங்க. ஆனா சம்பந்தம் இருக்கு பாஸ். அதுவும் அப்பா–பிள்ளை சம்பந்தம்!

ஊத்துக்கோட்டை பக்கத்துல ஜீரோ பாயின்ட்ல தமிழ்நாட்டுக்குள்ள நுழையற கிருஷ்ணா தண்ணி, கால்வாய்ல சுமார் 25 கிலோ மீட்டர் ஓடி பூண்டி ஏரியில சேருது. அதே பக்கமா நீங்களும் கிளம்புங்க. பூண்டியில தமிழக அரசு தொல்லியல் துறை 1985-ல தொடங்கின அருங்காட்சியகம் இருக்கு. உள்ளே பெரும்பாலும் கல். 'இதைப் பார்க்கவா வந்தோம்?'னு தோணும். தோணட்டும். இந்தக் கல்லெல்லாம் கையில பிடிக்கிறதுக்குன்னே செதுக்கின கோடாரிகள்.

1863 மே மாசம் பல்லாவரத்துல ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபுட். இந்திய புவியியல் ஆய்வுத் துறை அதிகாரி. அதே வருஷம் செப்டம்பர்ல, பூண்டிக்குப் பக்கத்துல இருக்கிற அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். கூட வந்தவர் வில்லியம் கிங். ஓடைக்கரையில குவார்ட்சைட் கோடாரிகள் கிடந்தது. இந்த வகை ஆயுதங்களுக்கு ஆராய்ச்சிக்காரங்க வெச்ச பேரு 'மெட்ராஸ் இண்டஸ்ட்ரி'. கும்மிடிப்பூண்டி சிப்காட் எல்லாம் அப்புறம் வந்ததுதான்!

ஃபுட் பேரு நம்ம பாடப் புத்தகத்துல இருக்கு. கிங்கை யாரும் கண்டுக்கலை. இவர் படிச்சது அயர்லாந்தோட மேற்குக் கரையில இருக்கிற கால்வே ஊர்ல. அங்கே புவியியல் பேராசிரியரா இருந்தவர் இவரோட அப்பா. அவர் பேரும் வில்லியம் கிங்தான். மகன் இங்கே கோடாரி பொறுக்கின அதே 1863-ல, அப்பா ஒரு அறிவியல் கூட்டத்துல ஜெர்மனியில கிடைச்ச எலும்பைப் பத்திப் பேசினார். 'இது நம்மளை மாதிரி மனுஷன் இல்லை, வேற இனம்'னார். அடுத்த வருஷம் அச்சுல வந்த பேருதான் ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ். (1866-ல ஹெக்கல்னு ஒருத்தர் அதே எலும்புக்கு 'ஹோமோ ஸ்டுபிடஸ்'னு பேர் வெச்சார். நல்லவேளை, கிங் முந்திக்கிட்டார்!) ஒரே குடும்பம். ஆதிமனுஷனுக்கு அப்பா பேர் வெச்சார். மகன் அவனோட சாமானை நம்ம ஊர்ல கண்டுபிடிச்சார்.

அப்பா கிங் தொடங்கின புவியியல் அருங்காட்சியகம் கால்வே பல்கலைக்கழகத்துல இன்னும் இருக்கு. ஆனா அந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது வேற. கிளாடா. கால்வே ஆத்தோரத்துல இருந்த மீனவர் குப்பம். ரெண்டு கை சேர்ந்து இதயத்தைப் பிடிச்சிருக்கிற, மேல கிரீடம் வெச்ச மோதிரம் பார்த்திருப்பீங்களே... அதுக்குப் பேரே கிளாடா மோதிரம். 1913-ல ரெண்டு பிரெஞ்சுப் பெண்கள் கேமராவோட அங்கே போனாங்க. அயர்லாந்தோட முதல் கலர் போட்டோக்கள்ல சிலது அவங்க எடுத்ததுதான். சிவப்புத் துணி போர்த்தின பெண்கள், கூரை வீடுகள். 1930-கள்ல அந்தக் கூரை வீடுகளை எல்லாம் இடிச்சுட்டு நகராட்சி வீடு கட்டிட்டாங்க. இன்னிக்கு அந்தக் குப்பம் எப்படி இருந்ததுன்னு தெரியணும்னா போட்டோவைத்தான் பார்க்கணும். இல்லேன்னா கால்வே நகர அருங்காட்சியகத்துக்குப் போகணும். அந்தக் கடலோர மரப் படகு ஒண்ணு உள்ளே அந்தரத்துல தொங்குது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஃபுட் தன் சேகரிப்பை 1904-ல சென்னை அருங்காட்சியகத்துக்கு வித்தார். எந்தக் கல் எந்த ஊர்லேர்ந்துன்னு குறிச்சு வெச்சிருந்தார். அந்தக் குறிப்பு இல்லேன்னா அது வெறும் ஜல்லி. அத்திரம்பாக்கத்துல சாந்தி பப்பு குழுவினர் தோண்டி, ஆழத்துல கிடைச்ச ஆயுதங்களுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல சொன்னாங்க. எப்படிக் கணக்குப் போட்டாங்க? கல் வெளியே கிடக்கும்போது விண்வெளிக் கதிர் பட்டு அதுக்குள்ளே ரெண்டு வகை அணுக்கள் சேரும். மண்ணுக்குள்ள புதைஞ்சதும் ரெண்டும் வேற வேற வேகத்துல குறையும். அந்த விகிதம்தான் கடிகாரம். புதைஞ்ச காலத்தைச் சொல்றதுக்குக் கல் புதைஞ்ச அடுக்குலேயே இருக்கணும். நீங்க 'சூப்பரா இருக்கே'ன்னு பையில போட்டு ஹாஸ்டல் ஷெல்ஃப்ல வெச்சா, எந்த அடுக்குங்கிற விவரம் அத்தோட போச்சு. டூர் போறவங்க நிறைய பேர் இதைத்தான் பண்றாங்க. திருடுறோம்னு தோணாமலே!

அதனால கை வேண்டாம், செல்போன் போதும். கல் பக்கத்துல ஒரு பேனாவை வெச்சு எடுங்க, அப்பதான் அளவு தெரியும். அப்புறம் தள்ளி நின்னு, ஓடையும் மரமும் தெரியற மாதிரி இன்னொண்ணு. தேதியும் இடமும் எழுதுங்க. கல் கிடந்த இடத்துலேயே கிடக்கட்டும். போறதா இருந்தா காலையிலேயே போயிடுங்க. உச்சி வெயில்ல எல்லாக் கல்லும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். சாய்ஞ்ச வெயில்லதான் செதுக்கின தடம் தெரியும்.