சுகருக்குப் பாட்டில் மருந்தா, பரிசோதனையா?

மக்காச்சோளம் அறுத்த காட்டில் வெறுங்காலோடு நடந்தால் தட்டையின் அடிக்கட்டை சுருக்கென்று குத்தும். பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இது தெரியாததல்ல. அந்தக் குத்தே உறைக்காமல் ஒரு சர்க்கரை நோயாளி வீடு வந்து, கால் கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்க்கிறார் என்றால், அவருக்குச் சுகர் நரம்பைத் தொட்டிருக்கக்கூடும்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது தசைச் செல்கள் அதைத் தேவைக்கு மேல் உள்ளே விடுவதில்லை. விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் செல்களுக்கு அப்படித் தடுக்கத் தெரியாது. உள்ளே குவியும் சர்க்கரையை எரிக்கும் செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பர்ஆக்சைடு என்ற, வேகமாக வினைபுரியும் பொருள் அளவுக்கு மீறிக் கிளம்புகிறது. உடலின் தற்காப்பு இதைச் சமாளிக்க முடியாத நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். கண், சிறுநீரகம், நரம்பு மூன்றின் சேதத்துக்கும் இதுவே பொது வேர் என்று அமெரிக்க மருத்துவர் மைக்கேல் பிரவுன்லீ 2001இல் விளக்கினார். சர்க்கரையைப் பிறகு இறக்கினாலும் பழைய சேதத்தின் தாக்கம் பல ஆண்டுகள் தொடரும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது இந்த நோயில் செல்லாது.

‘அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் குடித்தால் போதுமே’ என்று கேட்கத் தோன்றும். வியாபாரமும் அங்கேதான் நடக்கிறது. 2000இல் வெளியான ஹோப் ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் உட்பட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ என்ற ஆன்டிஆக்சிடன்ட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. கீரையும் நெல்லிக்காயும் நல்ல உணவு, அவ்வளவுதான். விற்கப்படும் பவுடரையோ பாட்டில் மருந்தையோ நம்பி மாத்திரையை, இன்சுலினை நிறுத்துவதுதான் பேராபத்து.

சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரத்தை நம்பி வாங்கியிருந்தால் நோட்டீஸ், பில், பாட்டில் மூன்றையும் பத்திரப்படுத்தி மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். பணத்தை மீட்க நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதோடு நின்றுவிடாதீர்கள். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஆண்டுக்கு ஒருமுறையாவது போய், விழித்திரையையும் சிறுநீரில் ஆல்புமின் புரதத்தையும் பாத உணர்ச்சியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்வை தெளிவாக இருக்கும்போதே, காலில் புண் வருமுன்பே கேளுங்கள்.