தறிவீட்டு ஜன்னலில் கொத்தமல்லி

தோட்டமில்லாத வீட்டில் கொத்தமல்லி விளையுமா என்று நெசவாள அங்கத்தினர் பலர் ஐயுறுகின்றனர். கிழக்கு நோக்கிய ஜன்னலும் ஒரு சாண் ஆழமுள்ள மண்தொட்டியும் இருப்பின் விளையும். ஆயினும் விதை முளைக்கவில்லை என்றோ, முளைத்தவை இரண்டே நாளில் சாய்ந்தன என்றோ கூறி முயற்சியைக் கைவிடுவோர் உளர். இவ்விரு குறைகளும் நீக்கக் கூடியவையே.

நாம் மல்லி விதை என்று கூறுவது உண்மையில் ஒரு காய். அதனுள் இரு விதைகள் உள்ளன. அதனைப் பலகையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தல் வேண்டும். நாட்பட்ட விதை சரிவர முளைக்காது. ஆகையால் முதலில் 20 விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்க்கவும். இரு வாரங்களில் பாதியும் முளைக்காவிடில் அவ்விதை குழம்புக்கே உதவும். மருந்து கலந்த விதையை மட்டும் சமையலில் சேர்க்கலாகாது.

முளைத்த செடி சாய்வது நாற்றழுகல் நோயினால். பித்தியம் முதலான நுண்ணுயிர்கள் ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்த மண்ணில் பெருகித் தண்டின் அடியை அழுகச் செய்கின்றன. செடி சாய்ந்தது கண்டு, நீர் போதவில்லையென மேலும் ஊற்றுவோர் நோயையே வளர்க்கின்றனர். தொட்டியின் அடியில் துளைகள் அவசியம். செம்மண், மணல், நன்கு மட்கிய எரு மூன்றையும் சமமாகக் கலந்து, அரை அங்குல ஆழத்தில், நெருக்கமின்றி விதைக்க வேண்டும். மேல்மண் உலர்ந்த பின்னரே, அதுவும் காலையில், நீர் தெளிக்கவும். இது ஆணிவேர்ச் செடியாதலின் பிடுங்கி நடுதல் கூடாது.

நாள்தோறும் நான்கைந்து மணி நேர வெயில் தேவை. வெளிச்சம் குறைந்தால் தண்டு வெளிறி நீளும். கோடை வெப்பத்தில் இலை பெருகுமுன் பூத்துவிடும்; ஆகையால் புரட்டாசி முதல் தை வரை விதைப்பது நலம். சுமார் 40 நாட்களில் வெளியிலைகளைக் கிள்ளலாம். வெந்தயக் கீரையோ மூன்று வாரங்களில் பயன் தரும்.

ஓர் எச்சரிக்கை: தொட்டியின் கீழ்த் தட்டு வைத்து, அதனைப் பாவிற்கு எட்டவே வைக்கவும். கஞ்சியிட்ட நூலில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். கறிக்கு மல்லி விளைவித்துக் கூலிக்குரிய பாவை இழத்தல் ஆகாது.

விவசாய அங்கத்தினர் தம் புதிய விளைச்சலில் ஒரு படி மல்லியைச் சங்கத்தில் ஒப்படைப்பின், நெசவாளர் வீடு பலவற்றிற்கு விதையாகும். ஒருவர் களத்து மணி மற்றொருவர் ஜன்னலில் தழைப்பதும் கூட்டுறவே அன்றோ!