ரசமட்டம் பொய் சொல்லாது

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டரை வரச்சொல்லியிருந்தாள். ஹால் ஜன்னலில் நடுக்கம்பிகள் இரண்டும் உள்வாங்கியிருக்கின்றன என்பது புகார். வந்தவர் ரசமட்டத்தை நெட்டுக்குத்தலாக வைத்துப் பார்த்தார். கம்பியைத் தட்டிப் பார்த்தார். "நேராத்தானேக்கா இருக்கு?" என்று சொல்லி, வந்த கூலிக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு அக்கா வலது கண்ணைப் பொத்திப் பார்த்தாள்; கம்பி வளைந்தது. இடது கண்ணைப் பொத்தினாள், நிமிர்ந்தது.

"எனக்குத்தான் பவரே இல்லையே!" கண் டாக்டரிடம் போகலாம் என்றதும் இதுதான் அவள் முதலில் சொன்னது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சோடாபுட்டி. மைனஸ் ஒன்பது. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் வீட்டில் சீட்டுப் பணத்தை எடுத்து லேசிக் செய்துவிட்டார்கள். அதன்பின் இருபது வருடம் அவள் கண் டாக்டர் பக்கமே போகவில்லை. கண்ணாடி போடாதவள் எதற்குப் போவாள்?

பவர் என்று நாம் சொல்வது கண்ணின் அளவு கிடையாது. கண்ணுக்கு முன்னால் மாட்ட வேண்டிய லென்ஸின் அளவு. கண்ணுக்கென்று வேறோர் அளவு உண்டு: முன்பக்கக் கருவிழியிலிருந்து பின்சுவரில் இருக்கும் விழித்திரை வரையிலான நீளம். பிறந்த குழந்தைக்கு அது சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ 24. அங்கே நின்றுவிட்டால் வெளிச்சம் சரியாக விழித்திரையில் குவியும். நிற்காமல் ஒரு மில்லிமீட்டர் கூடினால் மைனஸ் இரண்டரை, மூன்று பவர் ஏறிவிடும். 26 மில்லிமீட்டரைத் தாண்டிய கண்ணை, பவர் மைனஸ் ஆறைத் தாண்டிய கண்ணை, தீவிரக் கிட்டப்பார்வைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். அக்காவின் இடது கண் 27.4. சாதாரணக் கண்ணைவிட ஒரு உளுந்து அளவுகூட அதிகமில்லை. ஆனால் பந்துபோல் இருக்க வேண்டிய உறுப்பு முட்டைபோல் ஆகிவிட்டிருந்தது.

லேசிக் என்ன செய்தது? கருவிழிப் படலத்தின் நடுவிலிருந்து நூறு மைக்ரானுக்குச் சற்று மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, சீவி எடுத்தது. முன்வாசலைச் செதுக்கியதில் வெளிச்சம் நீண்ட கண்ணின் கடைசிச் சுவர் வரை போய்க் குவிந்தது. கண் குட்டையாகவில்லை. மூக்குக்கண்ணாடி போனதோடு, உள்ளே நீண்டு கிடக்கும் கண்ணை நினைவூட்ட வீட்டில் எந்தப் பொருளும் இல்லாமல் போயிற்று. இப்போதெல்லாம் கண்ணாடி போடுகிறவர்களுக்கே மெல்லிய லென்ஸ் கிடைக்கிறது; மைனஸ் பத்தைப் பார்த்தால் மைனஸ் நாலு மாதிரி இருக்கும். சோடாபுட்டி என்ற கேலி ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். கூடவே ஓர் எச்சரிக்கைப் பலகையும் காணாமல் போனது.

இழுபடுவது பின்சுவர்தான். அது மூன்று அடுக்கு. உள்ளே விழித்திரை. அதற்கு வெளியே, அதற்குச் சோறு போடும் ரத்தநாளப் படலம். டாக்டர்கள் கோராய்டு என்பார்கள். எல்லாவற்றுக்கும் வெளியே வெள்ளையான கெட்டித் தோல், ஸ்கிளீரா. கண் நீளும்போது மூன்றும் மெலிகின்றன. பார்வையின் மையமான மாக்குலாவுக்கு அடியில் நல்ல கண்ணில் கோராய்டு 250, 300 மைக்ரான் கனம் இருக்கும். மோசமாக நீண்ட கண்ணில் 50-க்கும் கீழே போவதுண்டு. சோறு போடுகிற படலமே பட்டினியில் கிடக்கிறது.

சுவர் எல்லா இடத்திலும் ஒரே சீராக மெலிவதில்லை என்பதுதான் சிக்கல். பலவீனமான இடம் மட்டும் தனியாகப் பிதுங்கி, பணியாரக் கல்லின் குழிபோலப் பின்னால் இறங்கிவிடும். இதன் பெயர் ஸ்டாஃபிலோமா. கிரேக்கத்தில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1977-இல் பிரையன் கர்ட்டின் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் குழிகளைப் பத்து வகையாகப் பிரித்தார். டோக்கியோவில் கியோகோ ஓனோ-மட்சுயியின் குழுவினர் எம்ஆர்ஐ ஸ்கேனைக் கொண்டு முழுக் கண்ணையும் முப்பரிமாணத்தில் வரைந்து காட்டினார்கள். அந்தப் படங்களில் சில கண்கள் பேரிக்காய். சில, ஒரு பக்கம் அடிவாங்கிய பித்தளைச் சொம்பு. இதைப் பார்த்த பிறகு 'பவர் கொஞ்சம் ஜாஸ்தி' என்று சாதாரணமாகச் சொல்ல வாய் வராது.

விழித்திரைக்கும் கோராய்டுக்கும் நடுவில் ப்ரூக் படலம் என்று ஒரு மெல்லிய தடுப்பு இருக்கிறது. அதிகம் இழுத்தால் அதில் பழைய பீங்கான் தட்டில் ஓடுவதுபோல மயிரிழை விரிசல் விடும். விரிசல் வழியே கோராய்டிலிருந்து புது ரத்தநாளங்கள் முளைத்து மாக்குலாவுக்கு அடியில் நுழையும். அவை ஒழுங்காகக் கட்டப்படாத நாளங்கள். நீர் கசியும், ரத்தம் கசியும். மேலே இருக்கும் விழித்திரை மேடு தட்டும். மேடு தட்டிய திரையில் விழும் நேர்க்கோடு கோணலாகத்தானே தெரியும்? அக்காவின் ஜன்னல் கம்பி வளைந்த கதை இவ்வளவுதான். நோயாக முற்றிய கிட்டப்பார்வை உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு இது வருகிறது. வேலை பார்க்கிற, வண்டி ஓட்டுகிற வயதிலேயே வருகிறது.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2003-இல் வெளியான டோக்கியோ ஆய்வு ஒன்று இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் பத்து ஆண்டு கவனிக்கப்பட்ட கண்களில் நூற்றுக்கு 96-இல் பார்வை 6/60 அல்லது அதற்கும் கீழே போயிருந்தது. பலகையின் உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும். அந்தக் காலத்தில் லேசரால் சுட்டார்கள். சுட்ட தழும்பே பிறகு விரிந்து பார்வையைத் தின்றது. பிறகு மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி, குளிர்ந்த லேசரால் அதைக் கண்ணுக்குள் கிளப்பும் முறை வந்தது. இருக்கிற பார்வையைச் சில காலம் பிடித்து வைத்தது.

இப்போது ஊசி. ரத்தநாளத்தை முளைக்கச் சொல்லும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை மடக்கிப் போடும் மருந்து. ரானிபிசுமாப், அஃப்ளிபர்செப்ட் இதற்கென்றே சோதித்துப் பார்க்கப்பட்டவை. பெவாசிசுமாப் 2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து; அதையும் கண்ணில் போடுகிறார்கள். ஒரு குப்பியைப் பல கண்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்பதால் விலை மலிவு. பிரிக்கும் இடத்தின் சுத்தம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வயதானவர்களின் மாக்குலா நோய்க்கு மாதாமாதம் என்று நீளும் இதே ஊசி, கிட்டப்பார்வைக் கண்ணில் சுருக்கமாகவே முடிகிறது. 2014-இல் வெளியான ரேடியன்ஸ் ஆய்வில், நோய் தலைதூக்கினால் மட்டும் ஊசி என்று வைத்த பிரிவில், பாதிப் பேருக்கு ஓராண்டில் இரண்டு ஊசிக்கு மேல் தேவைப்படவில்லை.

கண்ணில் ஊசி என்றதும் அக்கா இரண்டு நாள் தூங்கவில்லை. போனால், மரத்துப்போகச் சொட்டு மருந்து, பிறகு பழுப்பு அயோடின், இமை மூடாமலிருக்க ஒரு கிளிப். கருவிழியின் ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளைப் பகுதியில் மயிரிழை ஊசி. உள்ளே போனது 0.05 மில்லி, ஒரே ஒரு சொட்டு. "குத்தினதே தெரியலடா. யாரோ விரலால அமுக்கின மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். மாலையில் பார்வையில் ஒரு கறுப்புக் குண்டுமணி மிதக்கிறது என்று போன் செய்தாள். ஊசியோடு போன காற்றுக்குமிழ், மறுநாள் கரைந்துவிட்டது.

நீண்ட கண்ணுக்கு வேறு கண்டங்களும் உண்டு. ஓரத்தில் மெலிந்த விழித்திரை கிழிந்து கழன்றுவிடலாம்: திடீரென்று மின்னல் வெட்டும், பூச்சிக் கூட்டம் பறக்கும், ஓரத்திலிருந்து திரை இறங்கும். அது அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம். குழிக்குள் இறங்கும் அளவுக்கு நீண்டுகொடுக்க முடியாமல் விழித்திரை இரண்டு அடுக்காகப் பிரிவதும் உண்டு. ஓசிடி ஸ்கேன் வந்த பிறகுதான் அது தெளிவாகப் பிடிபட்டது. கண்புரை சீக்கிரம் வரும். கண் அழுத்த நோயும் கூடும். காய்ந்து செத்துப்போன கோராய்டை மீட்க இன்றைக்கு மருந்து இல்லை. பின்சுவருக்கு வெளியே தானமாகப் பெற்ற ஸ்கிளீராவை முட்டுக் கொடுத்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சையை ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். மற்ற இடங்களில் தயக்கம் இருக்கிறது.

ஆகவே நீளும்போதே நிறுத்துவதுதான் சாமர்த்தியம், அதுவும் பிள்ளைப் பருவத்தில். தைவான் 2010-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் அனுப்புகிறது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போன, பார்வை குறைந்த பிள்ளைகளின் விகிதம் 2011-இல் ஐம்பது சதவீதத்தைத் தொட்டு, 2015-இல் 46 ஆக இறங்கியது. வெயில் வெளிச்சத்தில் விழித்திரை டோபமைனைச் சுரந்து கண்ணின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பது இப்போதைக்கு வலுவான விளக்கம். இரவில் விடும் மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, ஓரப் பார்வையின் குவியத்தை மாற்றும் சிறப்புக் கண்ணாடி ஆகியவையும் நீளும் வேகத்தைக் குறைக்கின்றன. அக்காவின் பத்து வயது மகளுக்கு மைனஸ் இரண்டு. போன வாரம் டாக்டரிடம் அக்கா பவரைக் கேட்கவில்லை, "நீளம் எவ்வளவு சார்?" என்றாள்.

இரண்டு ஊசிக்குப் பிறகு அக்காவின் கம்பிகள் நிமிர்ந்தன. இடமிருந்து நாலாவது கம்பியில் மட்டும், கொக்கிக்குச் சற்று மேலே, ஒரு சின்ன நெளிவு மிச்சம் இருக்கிறது. காபி டம்ளரோடு தினமும் காலையில் ஜன்னலுக்கு எதிரே நின்று வலது கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அந்த நெளிவு நேற்று இருந்த அளவில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் காபி.