வான்வழியா? தரைவழியா?



பல்கலைக்கழகப் பதிவு, நேர்முகத் தேர்வு, உறவினர் இல்லத்துத் துக்கம் எனப் பல காரணங்களுக்காக நாம் பண்டார் தெங்காராவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்ல நேர்கிறது. குறித்த நேரத்தில் போய்ச் சேராவிடில் வாய்ப்பும் போகும், மனமும் நோகும். அவ்வேளைகளில், "விமானத்தில் ஒரு மணி நேரந்தானே!" எனப் பலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் எனக் கணக்கிட்டுக் காண்போம்.

ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 295 கிலோமீட்டர். சாலைத் தூரம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். வேற்றுமை 35 கிலோமீட்டரே. எனவே, விமானம் முந்துவது தூரக் குறைவினால் அன்று, வேகத்தினாலேயே ஆகும்.

ஆயினும், விமானம் நம் வாசலுக்கு வருவதில்லை. நாம் செனாய் செல்ல வேண்டும். தலைநகரின் முதன்மை விமான நிலையமோ 1998ஆம் ஆண்டு முதல் சிப்பாங்கில் உள்ளது. அங்கிருந்து நகரம் 50 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆகவே, பயண நேரத்தைப் பின்வருமாறு கணக்கிடுவோம்:

செனாய் சென்றடைய: 1 மணி
பதிவும் சோதனையும் காத்திருப்பும்: 1½ மணி
வான் பயணம்: 1 மணி
இறங்கிப் பெட்டிகளைப் பெற: ½ மணி
சிப்பாங்கிலிருந்து நகருக்கு: 1 மணி
மொத்தம்: 5 மணி

இனி, காரில் செல்வோம். கூலாய் வரை முக்கால் மணி நேரம் ஒதுக்குவோம். அங்கிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 3 மணி 20 நிமிடம் ஆகும். வழியில் இளைப்பாற அரை மணி நேரம். ஆக மொத்தம் 4 மணி 35 நிமிடம். விமானத்தைக் கார் முந்திவிட்டது! 1994ஆம் ஆண்டில் முழுமை பெற்ற வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நமக்களித்த வசதி இது. பெருநாள் நெரிசலில் இக்கணக்கு மாறும் என்பதையும் மறத்தலாகாது.

அவ்வாறாயின் விமானத்தால் பயனில்லையா? உண்டு. பினாங்கு செல்வதாகக் கொள்வோம். கூலாயிலிருந்து ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அதே வேகத்தில் ஓட்டினாலும், ஓய்வு நேரத்தையும் சேர்த்து 9 மணி நேரம் ஆகிவிடும். செனாயிலிருந்து வான் பயணமோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பினாங்கு விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ்டவுன் அரை மணி நேரத் தொலைவே. மற்றவை முன்போலவே எனக் கொண்டால், 4¾ மணி நேரத்தில் வாசலை அடையலாம். ஏறக்குறையப் பாதி நேரம் மிச்சம்.

இதன் காரணம் எளிது. நிலையத்திற்குச் செல்வதும் அங்குக் காத்திருப்பதும், ஊர் அருகிலிருந்தாலும் தொலைவிலிருந்தாலும் பெரும்பாலும் மாறாதவை. சாலை நேரமோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வளர்கிறது. எனவே, தூரம் கூடக் கூடவே விமானத்தின் பயன் விளங்கும்.

செலவும் கருதத் தக்கது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஐந்து விமானச் சீட்டுகள் வேண்டும். ஒரே காரில் சென்றால் எண்ணெய்ச் செலவும் டோல் கட்டணமும் ஒன்றுதான். இறுதி நேரத்தில் வாங்கும் விமானச் சீட்டு பெரும்பாலும் விலை மிகுந்திருக்கும்.

மாணவர்களே! தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று வகுப்பில் கற்றீர்கள். உங்கள் உறவினர் வாழும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். வாசலிலிருந்து வாசல்வரை இருவழிக்கும் கணக்கிட்டுப் பெற்றோரிடம் காட்டுங்கள். அடுத்த பயணத்திற்கு உங்கள் கணக்கே வழிகாட்டட்டும்.